எட்டு மணி ரத்தமும் லேபிள் இல்லாத டப்பாவும்

"அக்கா, நீங்கதான் ரிடையர்ட் ஆயிட்டீங்களே, டைம் இருக்கும். பொங்கல் மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க லா" என்று கிருத்திகா செய்தி அனுப்பியிருந்தாள். அவள் மருத்துவமனையில் என் பழைய பிரிவில் இப்போது வேலை பார்க்கும் இளம் தாதி, அதாவது நர்ஸ். மலர் என்றால் எங்கள் தமிழ்த் தாதியர் சிலர் சேர்ந்து ஆண்டுக்கொரு முறை அச்சடித்து, ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டு, யாரும் படிக்காமல் பத்திரமாக வைத்திருக்கும் புத்தகம்.

எனக்கு வயது முப்பத்து நான்கு. ஒன்றரை வயதில் ஒரு மகள் இருக்கிறாள். டைம் இருக்கும் என்று எந்தக் கணக்கில் சொன்னாள் என்று தெரியவில்லை. ஆனாலும் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு விலகியவளை ஓய்வுபெற்றவள் என்று சொன்னால் மறுக்கவும் முடியவில்லை.

அடுத்த செய்தியில் காரணமும் சொன்னாள். "இப்பெல்லாம் தினமும் யாராவது போனைத் தூக்கிட்டு வராங்க அக்கா. எனக்கு கார்ட்டிசோல் முகம் வந்திருக்கு, டெஸ்ட் பண்ணுங்கறாங்க. நேத்து ஒரு பையன் வந்தான், இருபத்து மூணு வயசு. கேமரால முகம் உப்பித் தெரியுதாம்."

சிரிப்பு வந்தது. நான் வேலையில் சேர்ந்தபோது கார்ட்டிசோல் என்ற பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னால்கூட மருந்துக் கடைக்காரர் ஏதோ தரை துடைக்கும் திரவம் என்று நினைப்பார். இப்போது அதைக் குறைக்கத் தேநீர் இருக்கிறது, தலையணை இருக்கிறது, மோதிரம் இருக்கிறது. செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உடற்பயிற்சி சொல்லித் தரும் பெண், "கார்ட்டிசோலை வெளியேத்துங்க!" என்று கத்துகிறாள். அது வெளியேறிவிட்டால் அவள் கத்துவதற்கு எழுந்து நிற்கவே முடியாது என்பதை யார் அவளுக்குச் சொல்வது?

சரி, நானே சொல்கிறேன். சொல்வதற்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் ஒரு சின்ன வெள்ளை டப்பா. நான் வேலையை விட்டதற்கும் அதுதான் காரணம். விலகும்போது மனிதவளப் பிரிவுப் பெண் கணினியில் "மன அழுத்தம்" என்ற கட்டத்தைத் தட்டினாள். "குடும்பம்னு போடுங்க" என்றேன். "ஸேம் திங் லா" என்றாள்.

மூன்று ஆண்டு டிப்ளோமா, ஓராண்டு பொது வார்டு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் படித்ததைப் படித்து, எல்லாரும் அழுத கழிப்பறையில் அழுதேன். பிறகு ஹார்மோன் பரிசோதனை அறைக்கு மாற்றினார்கள். மூன்று சாய்வு நாற்காலிகள், ஒரு குளிர்பெட்டி, ஒரு கடிகாரம், சிஸ்டர் ஃபிலோமினா. அவ்வளவுதான் அந்த அறை.

சிஸ்டர் எங்கள் தலைமைத் தாதி. கையகலத்தில் ஒரு சிலுவை, கால் கிலோ எடையில் ஒரு கைக்கடிகாரம். யாரையும் திட்டமாட்டார். எட்டு மணிக்கு எடுக்க வேண்டிய ரத்தத்தை நீங்கள் எட்டு இருபதுக்கு எடுத்தால், உங்களைப் பார்க்காமல் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, காதருகே வைத்து, ஓடுகிறதா என்று கேட்பார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

எட்டு மணிக்கு ஏன் அவ்வளவு மரியாதை? சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகள் கார்ட்டிசோலைச் சுரக்கின்றன. நாம் கண் விழிக்கும் முன்பே அது ஏறத் தொடங்கும். காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது சாயச் சாய இறங்கும். ரத்த அழுத்தம் விழாமல் பார்ப்பது, சர்க்கரையை ரத்தத்தில் விடுவது, காய்ச்சலோ காயமோ வந்தால் உடம்பைத் தாங்கிப் பிடிப்பது எல்லாம் அதன் வேலை. ஆகவே எந்த நேரத்தில் எடுத்தது என்று எழுதாத ரத்தம் சிஸ்டருக்கு வெறும் சிவப்புத் தண்ணீர்.

சோதனை முறையும் எளிதுதான். முதல் ரத்தம் எடுக்க வேண்டும். பிறகு சுரப்பியைத் தட்டி எழுப்பும் ஊசி. அரை மணியில் ஒரு ரத்தம், ஒரு மணியில் இன்னொன்று. தட்டினால் சுரப்பி எழுந்து வேலை செய்கிறதா, இல்லை புரண்டு படுக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஆனால் ஊசிக்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. அதுதான் சிஸ்டரின் சொத்து. மூன்று கேள்விகள்.

"மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" எல்லாரும் இல்லை என்பார்கள்.

"நாட்டு மருந்து, மலாய் ஜாமு, பொடி, எண்ணெய்?" இதற்கும் இல்லைதான். முகத்தில் கொஞ்சம் கோபமும் சேரும்.

"சரி, முட்டி வலிச்சா என்ன செய்வீங்க?" உடனே முகம் மலரும். "அதுக்கு என்கிட்ட நல்ல சாமான் ஒண்ணு இருக்கு மிஸ்ஸி!" இங்கே பெரியவர்களுக்குத் தாதி எல்லாம் மிஸ்ஸிதான்.

அந்த இடத்தில் சிஸ்டர் எஃகுத் தட்டை நீட்டுவார். "பையைக் கொட்டுங்க."

கொட்டுவார்கள். டோக்கன், சில்லறை, டிஷ்யூ, சாமி படம், பாதி தின்ற பிஸ்கட், கடைசியில் பெயரில்லாத ஒரு பொட்டலம். அதில் பத்துக்கு எட்டு முறை ஸ்டெராய்டு இருக்கும் என்று சிஸ்டர் பந்தயம் கட்டுவார். ஸ்டெராய்டு என்பது அதே கார்ட்டிசோலின் வேலையைப் பல மடங்கு வேகத்தில் செய்யும் வெளிச்சரக்கு. "வாய் மறந்துடும் நித்யா. பை மறக்காது" என்பார்.

கேள்வி கேட்டாலும் ஏமாறுவோம் என்பதற்கு ஓர் ஆன்ட்டி. ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேகரித்துக் கொண்டுவர வேண்டிய சோதனை. பெரிய பழுப்பு நிற பாட்டில் கொடுத்திருந்தோம். காலையில் முதல் முறை போவதை விட்டுவிட்டு, அதன்பின் வருவதை எல்லாம் சேர்த்து, மறுநாள் காலை முதல் முறையோடு முடிக்க வேண்டும். நான்கு மொழியில் அச்சடித்த தாள். ஆன்ட்டி புக்கிட் பாத்தோக்கிலிருந்து எம்ஆர்டி ரயிலில் பாட்டிலைப் பூப்போட்ட துணிப்பைக்குள் வைத்து, மடியில் ஏந்தி வந்தார். விளிம்புவரை நிறைந்திருந்தது. முடிவோ விண்ணைத் தொட்டது. மருத்துவர் ஸ்கேன் எழுதப்போனார். சிஸ்டர் மட்டும், "ஆன்ட்டி, அவ்வளவு தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. பாட்டில் பெருசா இருந்துச்சு. பாதிதான் நிறைஞ்சுது. நல்லா இருக்காதேன்னு எங்க வீட்டுக்காரரும் கொஞ்சம் ஹெல்ப் பண்ணாரு."

ஐம்பது ஆண்டு இல்லறம். அதை நாங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தோம்.

இப்போது முருகையா அங்கிள். இவரைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடியாது.

நான் அறைக்கு வந்த இரண்டாம் ஆண்டு. சிஸ்டர் தேவாலயத் தியானத்துக்காக மூன்று நாள் விடுப்பில் இருந்தார். அறை என் பொறுப்பில். முருகையா அங்கிள் பாசிர் ரிஸ்ஸில் ஒரு கொண்டோமினியத்தில் காவலாளி, வயது அறுபத்தெட்டு. வட்ட முகம், சிவந்த கன்னம், முன்னால் தள்ளிய வயிறு. ஆனால் கை கால்கள் குச்சி. தோல் டிஷ்யூ தாள் மாதிரி மெலிந்து, சட்டை உரசிய இடத்தில்கூட நீலம் பாரித்திருந்தது. வயிற்றில் கத்தரிப்பூ நிறத்தில் கோடுகள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் புதிதாக வந்திருந்தன. கார்ட்டிசோல் அளவுக்கு மீறி நிரம்பிய உடம்புக்குப் பாடப்புத்தகத்தில் போடும் படம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

அப்படிப்பட்டவரின் எட்டு மணி ரத்தத்தில் கார்ட்டிசோல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஊசி போட்டுத் தட்டினேன். அரை மணி, ஒரு மணி. சுரப்பி அசையவில்லை.

சோதனைக் குழாயை மாற்றிவிட்டேனோ என்று பெயரை மூன்று முறை சரிபார்த்தேன். பிறகு விளங்கியது: வெளியிலிருந்து ஏதோ உள்ளே போகிறது. காலை அவசரத்தில் விட்டுப்போன மூன்றாவது கேள்வியை அப்போதுதான் கேட்டேன். அங்கிள் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தார். கறுப்பு மாத்திரைகள். கூட வேலை பார்ப்பவர் வாங்கித் தந்ததாம். மூன்று வருடமாகத் தினம் இரண்டு. முட்டி வலி போயே போச்சாம்.

கண்டுபிடித்துவிட்டேன்! சிஸ்டர் இல்லாமல், தனியாக. இரண்டடி உயர்ந்துவிட்டேன். "அங்கிள், இது விஷம். இன்னிக்கே தூக்கிப் போடுங்க. டாக்டரை அடுத்த வாரம் பார்ப்பீங்கல்ல, அவர்கிட்ட நான் எழுதி வைக்கிறேன்" என்றேன். அவ்வளவு கண்டிப்பாக. மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அவர் காலை நேரத்தில் யாரும் கூப்பிட்டால் எரிந்து விழுவார் என்பதால் கூப்பிடவில்லை. எழுதி மட்டும் வைத்தேன்.

நான்காம் நாள் காவல் அறையிலேயே விழுந்துவிட்டார். இரண்டு நாளாக வாந்தி. எழுந்திருக்க முடியாத சோர்வு. அவசரப் பிரிவில் அவர் சட்டைப் பையில் எங்கள் சோதனைச் சீட்டு இருந்ததால் எங்களைக் கூப்பிட்டார்கள். அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த சிஸ்டர், கூப்பிட்டவர்களிடம் "ஸ்டெராய்டை நிறுத்திட்டாரு" என்று ஒரே வரி சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே ஓடினார். உடம்புக்கு உடனே கார்ட்டிசோல் தரும் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி, உப்புநீர். ரத்த அழுத்தம் ஏறும்வரை நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். 

ஒரு மணி நேரம் கழித்து அங்கிள் கண் திறந்து கோப்பி கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் பெருமை. "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன் மிஸ்ஸி. அன்னிக்கே ரப்பிஷ் சூட் குழாய்ல போட்டுட்டேன். ஒண்ணுகூட மிச்சம் வைக்கல."

அந்த ஆளுக்கு என்மேல் கோபமே வரவில்லை. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சிஸ்டர் அன்று மாலை எனக்குச் சமையல் பாடம் எடுத்தார். "வீட்டுக்கு மூணு வேளையும் கேட்டரிங் சாப்பாடு வருதுன்னு வையி. சமையக்காரன் என்ன செய்வான்? அடுப்பை அணைச்சிட்டுத் தூங்குவான். மூணு வருசம் தூங்கினவன்கிட்ட, இன்னிக்குக் கேட்டரிங் கிடையாது, நூறு பேருக்குச் சமைன்னா? நிறுத்தணும், ஆனா கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தணும். அவன் எழுந்து வரவரைக்கும் நாம சோறு போடணும்."

பிறகு ஓர் அட்டையைக் கொடுத்து, மூன்று கேள்விகளுக்குக் கீழே நான்காவது வரியை என் கையெழுத்திலேயே எழுதச் சொன்னார். "கண்டுபிடித்ததை உடனே நிறுத்தச் சொல்லாதே. மருத்துவரைக் கூப்பிடு." அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, எஃகுத் தட்டு இருக்கும் இடத்துக்கு மேலே ஒட்டினார். அடுத்த எட்டு ஆண்டுகள் என் கையெழுத்து என்னை முறைத்துக்கொண்டிருந்தது.

இடையில் ஒன்று. ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பதற்காக நிர்வாகம் ஒரு பயிலரங்கு நடத்தியது. எங்கள் ஓய்வு நாளில், கட்டாயம். வராதவர்கள் விளக்கம் எழுதித் தர வேண்டும். பயிற்சியாளர் மூன்று மணி நேரம் எங்களை மூச்சுவிடச் சொன்னார், கார்ட்டிசோலைப் பற்றி எங்களுக்கே படம் போட்டுக் காட்டினார், அதில் சுரப்பியைச் சிறுநீரகத்துக்குக் கீழே வரைந்திருந்தார். வெளியேறும்போது ஆளுக்கொரு மஞ்சள் பந்து. அழுத்தம் வரும்போது பிசைய வேண்டுமாம். சிஸ்டர் எல்லாருடைய பந்துகளையும் வாங்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து ரத்தம் எடுக்கும்போது நரம்பு எழும்ப நோயாளிகள் அவற்றைப் பிசைந்தார்கள். அந்தப் பயிலரங்கால் விளைந்த ஒரே நன்மை.

சிஸ்டர் ஓய்வுபெற்ற அதே ஆண்டு யாழினி பிறந்தாள்.

நான் கவலைப்படுகிற ரகம். குழந்தை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைப்பேன். வந்தால், ஏன் இவ்வளவு வேகமாக வருகிறது என்று கவலைப்படுவேன். சுகாதாரக் கையேட்டில் எடையையும் நீளத்தையும் அவர்கள் குறிப்பதற்கு முன் நானே பென்சிலால் குறித்துவைத்திருப்பேன். நான்காம் மாதத்தில் அவளுக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சிரங்கு மாதிரி எக்ஸிமா வந்தது. சொறிந்து சொறிந்து ரத்தம். மருத்துவர் இருப்பதிலேயே மிதமான ஸ்டெராய்டு களிம்பை, அதிலும் ஐந்தே நாளுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஸ்டெராய்டா? என் பிள்ளைக்கா? பத்தாண்டுகளாக நான் பார்த்த வட்ட முகங்களெல்லாம் வரிசையில் வந்து நின்றன. "எனக்குத் தெரியாததா" என்று கணவர் வினோத்திடம் சொல்லி, அந்தக் களிம்புக் குழாயைப் பிரிக்காமலே அலமாரியின் உச்சியில் வைத்தேன்.

எங்கள் வட்டாரத் தாய்மார் குழு ஒன்று போனில் இருக்கிறது. அங்கே ஒருத்தி மூலிகைக் களிம்பு விற்றாள். நூறு சதவீதம் இயற்கை, ஸ்டெராய்டு கிடையாது என்று நான்கு பச்சை இலைப் படங்களோடு போட்டிருந்தாள். செங்காங் எம்ஆர்டி வாயிலில் வைத்துக் கைமாற்றினாள். மூடியில் பெயரில்லை, அடியில் தேதியில்லை. "எதுல செய்யறீங்க சிஸ்?" என்று கேட்டேன். "எல்லாமே நேச்சுரல் சிஸ்" என்றாள். பத்தாண்டு அனுபவம் உள்ள தாதி அந்தப் பதிலில் திருப்தியடைந்து வீடு திரும்பினாள்.

மூன்றே நாளில் தோல் பட்டு. மூன்று நாளில்! அப்போதாவது எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. காலை மாலை இரண்டு வேளையும் தடவினேன், கடமை தவறாமல், ஆறு மாதம். டப்பா தீர்ந்தால் அடுத்த டப்பா. ஒரு நாள் விட்டால் திரும்ப வந்துவிடுகிறதே என்று விடாமல் தடவினேன். போதாக்குறைக்குக் குழுவில் எழுதவும் செய்தேன்: "நான் ஹார்மோன் பிரிவில் தாதி. என் மகளுக்கு நன்றாகக் கேட்கிறது." அதை நம்பி மூன்று தாய்மார்கள் வாங்கினார்கள்.

யாழினி கொழுகொழு என்று ஆனாள். தேக்கா கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனால் பூக்கடையிலிருந்து நகைக்கடைவரை கன்னத்தைக் கிள்ளாதவர் இல்லை. "என்னம்மா குடுக்கறீங்க, பன்னு மாதிரி இருக்காளே!" எனக்குப் பூரித்துப்போகும். கையேட்டில் எடைக்கோடு மலையேறியது. நீளத்துக்கான கோடு தரையோடு படுத்திருந்தது. அதையும் நான்தான் பென்சிலால் குறித்தேன். குறித்தேனே தவிரப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நேராக, ரவையில் செய்த சூஜி கேக்கோடு சிஸ்டர் வந்தார். யாழினிக்குப் பத்து மாதம். அவளைப் பார்த்ததும் எல்லாரும் செய்வதை அவர் செய்யவில்லை. கன்னத்தைத் தொடவில்லை. மடியில் வைத்து, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். சட்டையைத் தூக்கி முதுகில் இருந்த மெல்லிய முடியைப் பார்த்தார். "புக் எங்க?" என்றார். கையேட்டைப் பிரித்து நீளக்கோட்டில் விரலை வைத்து நகர்த்தினார். பிறகு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.



"நித்யா, பாப்பாவுக்கு மருந்து ஏதாவது குடுக்கறியா?"

"இல்ல சிஸ்டர்."

"நாட்டு மருந்து?"

"என்ன சிஸ்டர் நீங்க, என்கிட்ட போயி..." கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது. இதே கோபத்தை எத்தனை முகத்தில் பார்த்திருக்கிறேன்!

"எக்ஸிமா இருந்துச்சே, அது எப்படிப் போச்சு?"

"தானாவே போயிடுச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. சமையலறையிலிருந்து வினோத் உற்சாகமாகக் குரல் கொடுத்தார்: "அந்தக் கிரீம்தான் சிஸ்டர்! செம கிரீம். என் கால்ல ஒரு படை இருந்துச்சு, அதுகூடப் போயிடுச்சு!"

சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. கேக் வைத்திருந்த தட்டிலிருந்து கேக்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, காலித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"பையைக் கொட்டு."

குழந்தைக்கான பையைக் கொட்டினேன். டயப்பர், ஈரத்துணி, ரப்பர் ஒட்டகச்சிவிங்கி, பால் புட்டி, ஒற்றைக் காலுறை. கடைசியாக உருண்டு வந்தது அந்த வெள்ளை டப்பா. சிஸ்டர் அதைத் திறந்து முகர்ந்து பார்த்து மூடினார்.   ஸ்டெராய்டு வேண்டாம் என்று மிதமானதை அலமாரியில் ஏற்றி வைத்துவிட்டு, எவ்வளவு வீரியம் என்றே தெரியாத ஒன்றைப் பச்சைக் குழந்தையின் தோலில் ஆறு மாதம் பூசியிருக்கிறேன். தோல் வழியாகவும் உள்ளே போகும் என்று நோயாளிகளுக்குப் பாடம் எடுத்தவள் நான்.

டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக் குப்பைக் குழாயை நோக்கி ஓடினேன். மூடியைத் திறந்தும்விட்டேன்.

"நித்யா. நாலாவது வரி என்ன?"

கை அப்படியே நின்றது. என் மகளின் சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கலாம். இன்று மாலை தடவாவிட்டால், நாளை அவளுக்கு ஒரு சளி பிடித்தால்... முருகையா அங்கிளுக்கு அறுபத்தெட்டு வயது, வாய் திறந்து சொல்லத் தெரியும். இவளுக்குப் பத்து மாதம்.

"உடனே நிறுத்தாதே" என்றேன்.  "மருத்துவரைக் கூப்பிடு."

சிஸ்டர் கூப்பிட்டார். குழந்தைகள் மருத்துவர் சொன்னது: நாளைக் காலை எட்டு மணிக்கு வாருங்கள், டப்பாவோடு. இன்று வழக்கம்போல் தடவுங்கள். வாந்தியோ அசதியோ தெரிந்தால் உடனே அவசரப் பிரிவு.

அன்று மாலை ஆறு மணிக்கு, அது என்னவென்று தெரிந்தே, என் மகளின் கன்னத்தில் ஒரு முறை தடவினேன். ஆறு மாதம் தெரியாமல் தடவியதெல்லாம் ஒரு பக்கம். அந்த ஒரு முறை ஒரு பக்கம். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் குழந்தைகள் மருத்துவமனையின் பரிசோதனை அறையில் சின்னப் பெண் ஒருத்தி, மலாய்த் தாதி, என்னைக் கேட்டாள்: "மம்மி, எனி கிரீம்? எனி பவுடர்? எனி டிரெடிஷனல் மெடிசின்?" நான் அவள் தட்டில் பையைக் கவிழ்த்தேன். அவள் கொஞ்சம் பயந்துவிட்டாள். குழந்தையின் கையில் மரத்துப்போகச் செய்யும் களிம்பு தடவி, துணியில் சுற்றி, என் மார்போடு பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு மணி இரண்டு நிமிடம். நல்ல தாதி.

முடிவு நான் பயந்தபடிதான். சமையல்காரர் தூக்கத்தில். பெரியவர்களுக்கு எலும்பு தேய்வதையும் சர்க்கரை ஏறுவதையும் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு வளர்ச்சியே நின்றுவிடுகிறது. எடை போடும், உயரம் நகராது. அதைத்தான் ஊரே கிள்ளிக் கொஞ்சியது. களிம்பை நிறுத்தி, அதற்குப் பதிலாக அளந்த அளவில் வாய்வழி மருந்து. சில வாரங்களுக்கு ஒரு முறை கொஞ்சம் குறைப்பு. காய்ச்சல் வந்தால் உடனே அளவைக் கூட்ட வேண்டும், வாந்தியெடுத்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலிருந்து எந்த நிமிடமும் அழைப்பு வரலாம். நானோ எட்டு மணிக்கு யாரோ ஒருவரின் கையில் ஊசியோடு நிற்பேன். அந்த மாதமே விலகல் கடிதம் கொடுத்தேன். நான் ஓய்வுபெற்ற கதை இவ்வளவுதான்.

டப்பா அதிகாரிகளிடம் போனது. விற்றவளின் எண் அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது. நான் சிபாரிசு செய்த மூன்று தாய்மார்களையும் கூப்பிட்டேன். முதல் ஆள் நன்றி சொன்னாள், ஒரு வாரத்திலேயே விட்டுவிட்டாளாம். இரண்டாவது ஆள், "உங்க பிள்ளைக்கு ஒத்துக்கலைன்னா எங்களுக்கும் ஒத்துக்காதா?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். மூன்று நாள் விடாமல் கூப்பிட்டபின்தான் மருத்துவரிடம் போனாள். மூன்றாவது பெண் எதிர்ப் புளோக். அவள் மகனுக்கும் அதே கன்னம். கதவைத் திறந்ததும் கேட்டாள்: "நீங்க நர்ஸ்னு சொன்னதாலதானே அக்கா வாங்கினேன்?"

 நிறுத்தாதே என்று மட்டும் சொல்லி, அவளோடு மருத்துவமனைக்குப் போனேன். அவன் சுரப்பி விரைவாக விழித்துக்கொண்டது. அவள் என்னோடு பேசுகிறாள். குழுவில் இல்லை, மின்தூக்கியில் மட்டும்.

எட்டு மாதங்கள் ஆயின. இரண்டு வாரத்துக்கு முன் மறுபடி எட்டு மணி ரத்தம், தட்டி எழுப்பும் ஊசி, அரை மணி, ஒரு மணி. சமையல்காரர் எழுந்துவிட்டார். மருந்தை நிறுத்தலாம் என்றார் மருத்துவர். கையேட்டில் நீளக்கோடு ஒரு வழியாக மேலே திரும்பியிருக்கிறது. எக்ஸிமாவும் திரும்பியிருக்கிறது. அலமாரி உச்சியில் பிரிக்காமல் இருந்த குழாய் காலாவதியாகியிருந்தது. அதே மிதமான களிம்பைப் புதிதாக வாங்கி, சொன்ன ஐந்து நாளுக்குத் தடவி, ஆறாம் நாள் நிறுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு எளிதா என்று அழுகையாக வந்தது.

இந்தக் கட்டுரையை அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நேற்றுக் காலை யாழினியைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிவந்தேன். சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையருகே ஏழாம் மாடி ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். சந்தைக்குப் போய்வந்த களைப்பு. யாழினியைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"என்னம்மா இது, பிள்ளை இப்படி இளைச்சுப் போச்சு! அந்தக் கன்னம் எங்க?"

"போயிடுச்சு ஆன்ட்டி."

"சரியாச் சாப்பாடு குடுக்கறதில்லையா? வேலைய வேற விட்டுட்டு வீட்லதானே இருக்க? இப்படியா பிள்ளைய வளர்ப்பாங்க?" என்று ஒரு பாட்டம் திட்டினார். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். என் மகளுக்குக் கன்னம் இல்லை என்று யாரோ திட்டுவதைவிட இனிமையான சத்தம் இப்போது எனக்கு எதுவுமில்லை.

அவருக்கு மனம் கேட்கவில்லை. குரலைத் தணித்து, "இங்க பாரு, எனக்கும் முட்டி வலி, பசியே கிடையாது. ஒரு பொடி சாப்பிட்டேன், ரெண்டே வாரம், வலியும் போச்சு, பசியும் எடுக்குது. பிள்ளைக்குக் கால் ஸ்பூன் குடுத்தாப் போதும், பழைய மாதிரி ஆயிடும். தெரிஞ்சவங்க செய்யறது. பேரு கீரு எல்லாம் கிடையாது, சுத்தமான நேச்சுரல்" என்றார்.

அப்போதுதான் அவரை நன்றாகப் பார்த்தேன். முகம் வட்டம். கைகள் மெலிவு. மணிக்கட்டில் வளையல் உரசிய இடத்தில் நீலம்.

யாழினியின் டயப்பர் மாற்றும் விரிப்பை எடுத்துக் கல்மேசையில் விரித்தேன். கைபேசியில் மருத்துவமனை எண்ணையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"ஆன்ட்டி, அதைத் தூக்கிப் போடாதீங்க, நிறுத்தவும் செய்யாதீங்க. கொஞ்சம் உங்க பையைக் கொட்டறீங்களா?"